மர விமானம் கட்ட ஸ்ப்ரூஸ் கிடைக்காவிட்டால் என்ன மரம், யாரிடம் அனுமதி?

கேள்வி இதுதான்: ஒற்றை இருக்கை மர விமானம் ஒன்றின் வரைபடம் கையில் இருக்கிறது. அதில் எங்கு பார்த்தாலும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்றே போட்டிருக்கிறது. அந்த மரமோ குதிரைக்கொம்பாக இருக்கிறது. வேறு மரம் போட்டால் ஆபத்தா? அப்புறம், வீட்டில் கட்டிய விமானத்தைச் சட்டப்படி பறக்கவிட என்னென்ன செய்ய வேண்டும்?

வேறு மரம் போடலாம். ஆனால் மரத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்களைத் தாங்கப்போவது உங்கள் மேசையில் கிடக்கும் அந்த ஒரு பலகை. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று இறக்கையின் ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடி அதைத் தாங்கும் முதுகெலும்புச் சட்டத்துக்கு, தகுதியாக இருக்கும். இன்னொன்று அலமாரிக்குத்தான் ஆகும். அனுமதி விஷயமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. ஆய்வாளர் வந்து நிற்கும்போது, இந்தப் பலகையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார். அதனால் மரத்தை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டு அனுமதிக்கு வருகிறேன்.

சிட்கா ஸ்ப்ரூஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை வளரும் ஊசியிலை மரம். நெடுநெடுவென்று நேராக வளரும். அதனால் கணு இல்லாத நீளமான பலகை கிடைக்கும். 12% ஈரத்தில் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 430 கிலோ எடைதான். அந்த எடைக்கு அது தரும் வலிமையும் விறைப்பும் மிக அதிகம். விமானத்துக்கு அதை விரும்புவது இதற்காகத்தான். உலகத்திலேயே உறுதியான மரம் என்பதற்காக இல்லை.

“தேக்கு போட்டால் இன்னும் உறுதியாக இருக்காதா?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உறுதியாக இருக்கும். ஆனால் தேக்கு ஒரு கன மீட்டருக்கு 650 கிலோவை ஒட்டி வரும். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. மர விமானம் என்பது நூற்றுக்கணக்கான பசை இணைப்புகளின் தொகுப்பு. பசை பிடிக்காத மரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. இன்னொன்று, நம்மில் மரவேலை தெரிந்தவர்கள் வைரம் பாய்ந்த கட்டையைத் தேடித்தான் பழக்கப்பட்டிருக்கிறார்கள். வைரம் பாய்ந்த பகுதி பல மரங்களில் அழுகலையும் பூச்சியையும் தாங்கும். நார்களின் வலிமை என்று பார்த்தால், ஸ்ப்ரூஸில் உள்மரத்துக்கும் வெளிமரத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடையாது. வெளிமரம் என்பதற்காக நல்ல பலகையைத் தள்ளவும் வேண்டாம், உள்மரம் என்பதற்காக மோசமான பலகையை ஏற்கவும் வேண்டாம்.

மாற்று மரங்களுக்கு மர விமானம் கட்டுவோர் எல்லோரும் புரட்டுவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற கையேடு. பழுதுபார்ப்புக்காக எழுதப்பட்டது என்றாலும் அதன் முதல் அத்தியாயம் முழுக்க மரம்தான். அதிலுள்ள அட்டவணை ஸ்ப்ரூஸை அளவுகோலாக வைத்து மற்ற மரங்களை ஒப்பிடுகிறது. டக்ளஸ் ஃபிர் ஸ்ப்ரூஸை மிஞ்சும். ஆனால் கைக்கருவிகளுக்குக் கடினம், வேலை செய்யும்போது பிளந்து சிறாய் பெயரும், பெரிய துண்டாகப் போட்டால் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். போர்ட் ஆர்ஃபோர்ட் செடாரும் ஸ்ப்ரூஸைவிட மேல். வெஸ்டர்ன் ஹெம்லாக் சற்றே மேல். நோபிள் ஃபிரும் சற்றே மேல்தான், ஆனால் வெட்டுவிசையைத் தாங்குவதில் மட்டும் 8% குறைவு. நார்தர்ன் ஒயிட் பைன் ஸ்ப்ரூஸின் 85 முதல் 96% வரைதான் வரும். அதனால் பாகங்களின் அளவைக் கூட்டாமல் அதைப் போடக் கூடாது. யெல்லோ பாப்லரும் அப்படியே. நேரடி மாற்றாக எடுக்க வேண்டாம்.

நடைமுறையில் பெரும்பாலோர் டக்ளஸ் ஃபிரில்தான் வந்து நிற்கிறார்கள். என் தேர்வும் அதுதான். அதன் வளைவு வலிமை ஒரு சதுர அங்குலத்துக்கு 12,400 பவுண்டு என்றால் சிட்கா ஸ்ப்ரூஸுக்கு 10,200. ஆனால் அதே அளவில் போட்டால் மரத்தின் எடை ஐந்தில் ஒரு பங்கு வரை கூடலாம். “வலிமைதான் கூடியிருக்கிறதே, கொஞ்சம் மெலிதாக இழைத்து எடையைச் சரிக்கட்டலாம்” என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கணக்குப் போட்டு நிரூபிக்காமல் அதைச் செய்யாதீர்கள். மெலிந்த பாகம் விறைப்பை இழக்கும், போல்ட் துளையைச் சுற்றி மிஞ்சும் மரமும் குறையும். வரைபடத்தில் உள்ள அளவை அப்படியே வைத்துக்கொண்டு எடைக் கூடுதலை ஏற்பது நல்லது. வால் பக்கம் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் புவியீர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கும். எனவே வால் பாகங்களுக்கு ஸ்ப்ரூஸ், முன்பக்கத்துக்கு ஃபிர் என்று பிரித்துக்கொள்வதும் ஒரு நல்ல வழி. எதுவானாலும் வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸின் எச்-4 ஹெர்குலிஸ் விமானத்தை உலகமே ‘ஸ்ப்ரூஸ் கூஸ்’ என்றது. 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை பறந்த அந்தப் பிரம்மாண்டம் பெரும்பகுதி பிர்ச் மரத்தால் ஆனது.

சரி, பலகைக்கு வருவோம். அறுத்த பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் தெரியும். ஸ்ப்ரூஸில் ஒரு அங்குலத்துக்குள் குறைந்தது 6 வளையம் இருக்க வேண்டும்; டக்ளஸ் ஃபிரில் 8. அதற்குக் குறைந்தால் மரம் அவசரமாக வளர்ந்தது என்று பொருள். வளையங்கள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் மிக நல்லது. சிட்கா ஸ்ப்ரூஸ் பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 7.5% சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே சுமார் 4.3%தான். செங்குத்து வளையம் உள்ள பலகை அகலத்தில் குறைவாக அசையும், கோணாது.

அடுத்தது நாரோட்டம். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நார்கள் பலகையின் நீளத்தோடு ஓட வேண்டும். அனுமதிக்கப்படும் சாய்வு 15-க்கு 1. அதாவது 15 செ.மீ. நீளம் போவதற்குள் நார் 1 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் விலகக் கூடாது. 15-க்கு 1 என்ற சாய்விலேயே வளைவு வலிமை 11% குறைந்துவிடும். 10-க்கு 1 என்றால் 19%. 5-க்கு 1 என்றால் 45%. திடீர் அடியைத் தாங்கும் திறன் இதைவிட வேகமாகச் சரியும்: 10-க்கு 1 சாய்விலேயே 38% போய்விடும். கட்டாந்தரையில் ஒரு முரட்டு இறக்கத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் அருமை தெரியும்.

இந்தச் சாய்வு இரண்டு விதம். அறுக்கும்போது வாள் வளையக் கோட்டை விட்டு விலகிப்போனதால் வருவது ஒன்று. வளையங்கள் கோடுகளாகத் தெரியும் முகத்தில் அதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இன்னொன்று சுழல் நார். மரம் வளரும்போதே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். வளையக் கோடுகள் நேராக இருக்கும். பலகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நார் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். இது அந்த முகத்தில் தெரியாது. வளையங்கள் படுத்துக்கிடக்கும் மற்ற முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த முகத்தை இழைப்புளியால் சுத்தமாகச் சீவிவிட்டு, பேனா மையை ஒரு சொட்டு வைப்பேன். சில நொடிகளில் அது நீளவாக்கில் மெல்லிய மீசைபோல இரண்டு பக்கமும் ஓடும். அந்த மீசை ஓடும் திசைதான் நாரின் திசை. பலகையின் ஓரத்தோடு ஒப்பிட்டு, அளவுகோல் வைத்து அளந்துகொள்ளலாம். மையில் சந்தேகம் வந்தால் முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டி உளியால் பிளந்து பாருங்கள். பிளவு நாரோடுதான் போகும். அது பொய் சொல்லாது.

கணு என்றாலே தள்ள வேண்டும் என்பதில்லை. இறுகிய கணு, 3/8 அங்குலத்துக்கு உட்பட்டது, அழுத்தம் அதிகமுள்ள ஓரத்தில் இல்லை, சுற்றியுள்ள நார் வரம்பை மீறி வளையவில்லை என்றால் ஏற்கலாம். ஸ்பாரின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ கணு வரக் கூடாது. மரத்துக்குள் பிசின் தேங்கி நிற்கும் பிசின் பையும் அப்படியே. ஸ்பாரின் நடுப்பகுதியில், ஒன்றரை அங்குல நீளத்துக்கும் 1/8 அங்குல அகலத்துக்கும் ஆழத்துக்கும் உட்பட்டிருந்தால் பரவாயில்லை. வெடிப்பு, வளையத்தோடு விலகிய பிளவு, அழுகலின் அறிகுறி, இவற்றில் பேரம் பேச இடமே இல்லை.

எனக்கு உண்மையில் பயம் தருபவை வேறு இரண்டு. ஒன்று, சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரத்தின் கீழ்ப்பக்கத்தில் உருவாகும் கம்ப்ரெஷன் வுட். அதில் வளையத்தின் கருத்த பகுதி அளவுக்கு மீறி அகலமாக இருக்கும். வெளிர் பகுதிக்கும் கருத்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு மங்கலாக இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். கனமாக இருப்பதால் உறுதி என்று நினைத்து அதையே பொறுக்கி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நீளவாக்கிலும் சுருங்கும், கோணும், எச்சரிக்கை இல்லாமல் முறியும். மற்றொன்று நார் நசுங்கிய கோடு. காற்றில் மரம் பலமாக வளைந்தபோதோ, வெட்டி மேடுபள்ளத்தில் விழுந்தபோதோ உள்ளே நார்கள் மடிந்துபோயிருக்கும். வெளியே மயிரிழை போன்ற ஒரு கோடு மட்டும், நாருக்குக் குறுக்கே. அந்த இடத்தில் மரம் ஏற்கெனவே முறிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அறையை இருட்டாக்கி, இழைத்த பலகையின் மேல் டார்ச் விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒளியைத் தவழவிடுங்கள். முழு நீளமும், நான்கு முகமும். ஒரு ஸ்பார் பலகைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள்.

ஈரம் பற்றி. விமான மரம் 8 முதல் 12% ஈரத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சதவீத ஈரமும் வளைவிலும் அழுத்தத்திலும் வலிமையை ஏறக்குறைய 4 முதல் 6% வரை மாற்றும். ஊசி குத்தும் மீட்டர் ஓரளவுக்குச் சரியாகச் சொல்லும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு துண்டை வெட்டி உடனே எடை பாருங்கள். 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். முதலில் 56 கிராம், உலர்ந்தபின் 50 கிராம் என்றால், போன 6 கிராமை உலர்ந்த எடையான 50-ஆல் வகுக்க வேண்டும்: 12%. மரம் வந்து இறங்கியதும் வேலையைத் தொடங்காமல், வேலை செய்யும் அறையிலேயே குறுக்குச் சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிச் சில வாரம் விட்டுவிடுங்கள்.

எல்லாப் பலகையையும் பரிசோதித்த பிறகு தரம் பிரியுங்கள். முதல் தரமானது ஸ்பாருக்கு. அதிலும் ஸ்பாரின் மேல் விளிம்பு நெடுக ஓடும் மேல் பட்டைக்கு. மரம் இழுவையை நன்றாகத் தாங்கும். நீளவாக்கில் அழுத்தினால் அதைவிட வெகு முன்னதாகவே நசுங்கத் தொடங்கும். சிட்கா ஸ்ப்ரூஸின் அழுத்த வலிமை அதன் வளைவு வலிமையில் ஏறக்குறைய பாதிதான். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயல்வதால் மேல் பட்டை அழுத்தத்திலும் கீழ்ப் பட்டை இழுவையிலும் இருக்கும். உள்ளே வெற்றிடம் விட்டுப் பெட்டிபோலச் செய்யும் பெட்டி ஸ்பார்களில் மேல் பட்டை தடிமனாக வரையப்பட்டிருப்பது இதனால்தான். பாகங்களை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் வைக்கும்போது ஸ்பாரைத் தலைகீழாக வைத்துவிடாமல் மேல் பக்கத்தைப் பெரிதாகக் குறித்துவிடுங்கள்.

நீளமான பலகை கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஸ்கார்ஃப் என்று சொல்லும் சாய்வு இணைப்பில் 12-க்கு 1 என்ற சரிவில் சீவி ஒட்டினால், சரியாகச் செய்த இணைப்பு மரத்தின் வலிமைக்கு மிக அருகில் வரும். 10-க்கு 1-ஐவிடச் செங்குத்தாகப் போகக் கூடாது. மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டியும் ஸ்பார் செய்யலாம். ஒரே கட்டையைவிட அதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு அடுக்கின் உட்புறத்தையும் கண்ணால் பார்த்துவிடுகிறோம். இணைப்பு எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்பதை மட்டும் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிளைவுட்டில் சிக்கனம் வேண்டாம். விமானத் தரப் பிர்ச் பிளைவுட் சான்றிதழோடு வரும். மரக்கடைப் பிளைவுட்டின் உள் அடுக்கில் இடைவெளி இருக்கலாம், பசை தண்ணீரைத் தாங்காமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்கவையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அது உங்கள் விமானத்துக்கு வேண்டாம்.

இனி பசை. மர விமானம் பற்றிப் பேசும்போது மரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பசைக்குக் கொடுக்காதவர்கள் அதிகம். டி ஹாவிலாண்ட் மாஸ்கிட்டோ 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலில் பறந்த அற்புதமான மர விமானம். பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்த உடல். 1944-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த சில மாஸ்கிட்டோக்கள் வானிலேயே இறக்கை உடைந்து விழுந்தன. வெப்பமும் ஈரமும் பசையைத் தின்றுவிட்டன என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது, ஒட்ட வேண்டிய பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்ததும் வெளியே வந்தது. பசை எவ்வளவு நல்லதானாலும், பொருத்தம் தவறினால் இணைப்பு தவறும்.

ரிசார்சினால் பசை நீரையும் வெயிலையும் தாங்குவதில் ஈடில்லாதது. எஃப்ஏஏவின் கையேடும் அதற்குத்தான் முதலிடம் தருகிறது. ஆனால் அது கண்டிப்பானது. இணைப்பு கச்சிதமாகப் பொருந்த வேண்டும், அறை குறைந்தது 21 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மென்மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு வரை கிளாம்ப் அழுத்தம் வேண்டும். எபாக்ஸி இவ்வளவு கேட்காது. சிறு இடைவெளியை நிரப்பும், லேசான அழுத்தம் போதும், அழுத்தம் மிகுந்தால் பசை முழுக்கப் பிதுங்கி இணைப்பு காய்ந்துபோகும். அதன் பலவீனம் வெப்பம். கருத்த நிறம் பூசிய இறக்கை வெயிலில் நின்றால் உள்ளே எபாக்ஸி இளகத் தொடங்கும். எபாக்ஸியில் கட்டிய மர விமானங்களுக்கு வெள்ளை நிறம் அடிப்பது அதனால்தான். கேசினையும் யூரியா பிசினையும் பழைய வரைபடங்களில் பார்த்தால் விட்டுவிட்டு, இந்த இரண்டில் ஒன்றுக்கு வாருங்கள்.

ஒட்டும் முகத்தைக் கூர்மையான இழைப்புளியால் சீவி, அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். மென்மரத்தின் ஒட்டும் முகத்தில் உப்புத்தாள் தேய்க்கக் கூடாது. தூள் நார்களின் வாயை அடைத்துவிடும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே மரத்தில் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி, தேதியும் எண்ணும் எழுதி வைத்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து அவற்றைப் பட்டறைப் பிடியில் வைத்து உளியும் சுத்தியலும் கொண்டு பிளப்பேன். நல்ல இணைப்பு என்றால் மரம்தான் கிழியும். இரண்டு முகத்திலும் வெளிர் நார் பிய்ந்து ஒட்டியிருக்கும். கண்ணாடிபோல் மின்னும் பசை தெரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டியது எதையும் நம்ப முடியாது. ஒரு முறை நான் அப்படி மின்னும் துண்டுகளைப் பார்த்தேன். சம கொள்ளளவில் கலக்க வேண்டிய எபாக்ஸியைச் சம எடையில் கலந்திருந்தேன். இரண்டு பாகத்தின் அடர்த்தியும் ஒன்றல்ல என்பதால் விகிதம் தவறிவிட்டது. அன்று ஒட்டிய, இறக்கைக்கு வடிவம் தரும் விலாச் சட்டங்களான ரிப்கள் நான்கையும் உடைத்துப் போட்டேன். அந்தச் சின்னத் துண்டுகள் இல்லாமல் போயிருந்தால் அந்த நான்கும் இறக்கைக்குள் போயிருக்கும்.

இப்போது அனுமதி. விதிகள் ஏன் வந்தன என்பது தெரிந்தால் அவற்றின் மேல் எரிச்சல் வராது. ஹென்றி மின்யே என்ற பிரெஞ்சுக்காரர் 1933-இல் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று பெயர் பெற்ற எச்எம்-14 என்ற சின்ன விமானத்தைக் கட்டி, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஊக்கமூட்டினார். ஏராளமானோர் கட்டினார்கள். பிறகு வரிசையாக மரணங்கள்; விமானம் தலைகுப்புறப் பாய்ந்தால் மீளவில்லை. 1936-இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான், இரண்டு இறக்கைகளும் ஒன்றையொன்று பாதிப்பது தெரிந்தது. கட்டியவர்களின் மரவேலையில் குறையில்லாமலேயே பலர் இறந்திருக்கிறார்கள். நன்கு பறந்து நிரூபித்த வடிவமைப்பையே எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். முதல் விமானத்திலேயே சொந்த வடிவமைப்பு வேண்டாம்.

ஒவ்வொரு நாட்டின் விதியும் வேறு. ஆனால் பல நாடுகளில் அடித்தளம் ஒன்றுதான்: விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர் ஒருவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே கட்டியிருக்க வேண்டும். இதைத்தான் பேச்சுவழக்கில் 51% விதி என்கிறோம். அமெரிக்காவில் இது 21.191(ஜி) என்ற பிரிவில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018/1139 என்ற ஒழுங்குமுறையின் முதல் இணைப்பில் 51% என்று வெளிப்படையாகவே எழுதி, அத்தகைய விமானங்களை அந்தந்த நாட்டு விதிக்கு விட்டுவிட்டது. இந்தக் கணக்கு செய்த வேலையை வைத்துப் போடப்படுவது. செலவையோ எடையையோ வைத்து அல்ல. இன்ஜின், புரொப்பல்லர், சக்கரம், பிரேக் போன்றவற்றை நீங்களே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வரைபடத்திலிருந்து மரத்தை இழைத்துக் கட்டுபவருக்கு 51% ஒரு பிரச்சினையே இல்லை. பாதி முடித்த கிட் வாங்குபவருக்கும், கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுபவருக்கும்தான் அது கழுத்தை நெரிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க விதியில் ‘இந்த மரம்தான் போட வேண்டும்’ என்று எங்கும் இல்லை. பொறுப்பு முழுவதும் கட்டுபவர் தலையில்தான். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சிறு விமானச் சங்கத்தின் வழியாகத் திட்டத்தைப் பதிவு செய்து, ஒரு ஆய்வாளரின் கண்காணிப்பில் கட்ட வேண்டும். மரத்தை மாற்றுவது வடிவமைப்பை மாற்றுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒப்புதல் வாங்கித்தான் போட முடியும். கனடாவில் துணியோ பிளைவுட்டோ போர்த்தி மூடுவதற்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம். என்னைக் கேட்டால், சட்டம் கேட்காத நாட்டிலும் மூடுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். பல மாதம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத தவறு புதுக் கண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரியும்.

ஆகவே முதல் மரத்தை வாங்குவதற்கு முன்பே உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரத்துக்கு எழுதிக் கேளுங்கள்: அமெச்சூர் கட்டுமானத்துக்கு என்ன பிரிவு, பதிவு எப்போது, எந்தெந்தக் கட்டத்தில் பரிசோதனை, மாற்று மரத்துக்கு யாருடைய ஒப்புதல். தொலைபேசியில் கிடைக்கும் பதில் போதாது, எழுத்தில் வேண்டும். கட்டி முடித்துவிட்டுப் போய் நின்றால், மூடிய இறக்கையைக் கிழித்துக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் பரிசோதனை முடிந்து சான்றிதழ் கிடைத்தாலும் உடனே ஊர் சுற்ற முடியாது. சான்றிதழ் பெற்ற இன்ஜினும் புரொப்பல்லரும் ஒன்றுக்கொன்று ஒப்புதல் பெற்ற ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், குறிக்கப்பட்ட பகுதிக்குள் பயணி இல்லாமல் சோதனைப் பறப்பு. விமானத்தின் மேல் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று எழுதியிருக்க வேண்டும். கட்டியவருக்கே ஆண்டுப் பரிசோதனை செய்யும் ரிப்பேர்மேன் சான்றிதழ் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கும் கட்டுமானக் குறிப்பேடுதான் ஆதாரம். கூலிக்குப் பறப்பது கிடையாது. எல்லை தாண்ட வேண்டுமென்றால் போகும் நாட்டின் தனி அனுமதி வேண்டும், ஏனென்றால் இந்தச் சான்றிதழ் சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது இல்லை.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள் அமெரிக்காவின் பார்ட் 103 பிரிவைப் பார்ப்பார்கள். ஒரே இருக்கை, வெற்று எடை 254 பவுண்டுக்குள், எரிபொருள் 5 கேலன், அதிகபட்ச வேகம் 55 நாட், ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், 24 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் நின்றால் பதிவும் வேண்டாம், விமானி உரிமமும் வேண்டாம். மரத்தில் இந்த எடைக்குள் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஸ்ப்ரூஸுக்குப் பதில் ஃபிர் போட்டால் சில கிலோவிலேயே வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் அது பதிவில்லாத விமானம், சட்டமீறல்.

குறிப்பேட்டை எப்படி எழுதுவது என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். முதல் பலகை வந்த அன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு எண் கொடுத்து முனையில் பென்சிலால் எழுதுங்கள். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே மர இனம், எங்கே வாங்கியது, ரசீது, அங்குலத்துக்கு எத்தனை வளையம், மைச் சொட்டில் அளந்த சாய்வு, ஈரம், டார்ச் ஒளியில் பார்த்த தேதி. எந்தப் பலகை எந்தப் பாகமானது என்பதையும் சேருங்கள். எல்லாப் பலகையிலிருந்தும் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது படம் எடுங்கள். சில படங்களிலாவது உங்கள் முகமும் கையும் தெரியட்டும், கட்டியது நீங்கள்தான் என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை. பசைத் துண்டுகளை உடைத்த பிறகு அவற்றையும் தேதியோடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். தொடங்குவதற்கு ஸ்பார் வேண்டாம். வாலில் விமானத்தை இடவலமாகத் திருப்பும் ரட்டர் சின்னது, தவறினால் நஷ்டம் குறைவு, பொருத்தம், பசை, கிளாம்ப் எல்லாம் அதிலேயே கைக்கு வந்துவிடும். அதற்குத் தேவையான மரத்தை மட்டும் முதலில் வாங்குங்கள்.